ஒன்பது அடி தூரத்துத் தண்ணீர்

குரூப்பில் நீங்கள் ஏழு பேரும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டீர்கள். நான் மட்டும் மூன்று நாளாகப் பதில் போடவில்லை. "பாத்துட்டா, பதில் போட மாட்டேங்குறா, திமிரு" என்று உங்களில் இரண்டு பேராவது தனியாகப் பேசியிருப்பீர்கள். திமிர்தான். அது இல்லாவிட்டால் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

நம் சின்ன வயது விளையாட்டின் தலைவி வருகிறாள். துபாய்க்குப் போன பிறகு முதல் முறையாக, இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. வெள்ளிக்கிழமை பரோட்டாக் கடைக்காரர் மகளின் வீட்டு மாடியில் எல்லோருக்கும் சாப்பாடு. தலைவி அனுப்பிய குரல் செய்தியைப் நான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடம் விட்டு அகரத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது கேட்டேன்.

"ஏ புள்ள, அந்தத் தண்ணிக் கதை இருக்குல்ல, அத எம் புள்ளைகளுக்கு நீதான் சொல்லணும். பொஸ்தகத்துல இருக்க மாதிரி வேணாம். நீ அன்னைக்குச் சொன்ன மாதிரியே சொல்லு, என்னா?"

கெஞ்சும்போதும் அந்தக் குரலில் ஒரு கட்டளை இருக்கும். அது அப்படியே இருக்கிறது.

வருகிறேன். கதையும் சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்களுக்கு இதை எழுதிவிடுகிறேன். உங்களுக்கு அது ஒரு மே மாதத்து விளையாட்டு. எனக்கு அது ஒன்பதாம் வகுப்பு.

நம் முனிசிபல் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்துவிடும். எட்டு முடித்த பெண்ணைத் தையல் மிஷினில் உட்காரவைப்பதுதான் நம் தெருவின் வழக்கம். என் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. அத்தா கைநாட்டு. அம்மா அரபு ஓதுவாள், தமிழில் தன் பெயரை எழுதத் தெரியாது. நான் எட்டாவதில் இங்கிலீஷில் முதல் மார்க். அதை நான் அன்றும் மறைக்கவில்லை, இன்றும் மறைப்பதில்லை. மேலே படிக்க வேண்டும் என்பதைத் தவிர அந்தக் கோடையில் எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை.

அத்தா வேலை பார்த்த, தோல் பதனிடும் ஷாப்பின் முதலாளிக்கு ஒரே மகள் நம் தலைவி. கான்வென்டில் படித்தவள், நம்மைவிட ஒரு வயது மூத்தவள். ஒவ்வொரு வருடமும் லீவுக்குக் கொடைக்கானல் போய்விடுவாள். அந்த வருடம் முதலாளிக்கு மஞ்சள் காமாலை வந்து எங்கும் போகவில்லை. போரடித்துப்போய்த்தான் நம்மோடு சேர்ந்தாள். வரும்போது கையில் ஒரு புத்தகம் இருந்தது.

பச்சைத் துணி அட்டை. முதுகு பிய்ந்து, உள்ளே தைத்த நூல் தெரியும். கான்வென்ட் நூலகத்தில் பழசைக் கழித்தபோது எடுத்துவந்தாளாம். அயர்லாந்து என்ற தீவில் பல நூறு வருடங்களுக்கு முன்னால் சொல்லியும் பாடியும் எழுதியும் வைத்த கதைகள். ஒரு தலைவன், அவனுக்குக் கீழே ஒரு வீரர் கூட்டம். குளிர்காலம் ஊரார் வீடுகளில். மே மாதம் தொடங்கிக் கோடை முழுக்கக் காட்டில் வேட்டை. "நம்மளுக்கும் மே மாசம்தான் லீவு" என்று சொன்னவள் தண்ணி லாரிக்காரர் மகள். அந்த ஒரு வார்த்தையில்தான் விளையாட்டு தொடங்கியது.

தலைவி இங்கிலீஷைக் கடகடவென்று வாசிப்பாள். ஆனால் அதைத் தமிழில் கதையாக்கத் தெரியாது. "அவன் போனான்... அப்பறம் அவன் இதப் பண்ணுனான்..." என்று பாதியில் நின்றுவிடுவாள். நான் ஒரு சின்ன அகராதியை மடியில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். ஆனால் சொல்லத் தொடங்கினால் நீங்கள் ஈயைக்கூட விரட்டாமல் கேட்டீர்கள். அப்படித்தான் புத்தகம் என் பொறுப்புக்கு வந்தது. துப்பட்டாவில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோவேன். மறுநாள் வாங்கியதும் தலைவி அதை முகர்ந்து பார்ப்பாள். "தோல் ஷாப்பு வாடை ஏறிருச்சுடி" என்பாள். ஷாப்பு அவளுடையது, வாடை மட்டும் எங்களுடையது.

இடம் உங்களுக்கு மறந்திருக்காது. ஷாப்பின் பின்பக்கம், தோலை ஊறவைக்கப் பெரிய மர டிரம்கள் வந்த பிறகு கைவிட்ட சுண்ணாம்புக் குழிகள். வரிசையாகப் பன்னிரண்டு, பாதி மண் மூடி, ஓரமெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கும். சுவர்ச் சந்தில் ஆட்டு முடி ஒட்டியிருக்கும். எங்கோ ஊறுகிற ஆவாரம் பட்டையின் துவர்ப்பு வாசனை தொண்டைவரை இறங்கும். உடைந்த மதிலைத் தாண்டினால் சீமைக்கருவேலங்காடு. அதற்கும் அப்பால், வெயிலில் காய்கிற மலைக்கோட்டைப் பாறை.

அந்த வீரர் கூட்டத்தில் சேர்வது லேசல்ல. காட்டில் துரத்துவார்கள், ஓடும்போது பின்னிய சடை அவிழக் கூடாது, காலடியில் ஒரு சுள்ளி முறியக் கூடாது. முள் குத்தினால் நிற்காமல் பிடுங்க வேண்டும்.

"ஆம்பளைக எதுக்குடி சட பின்னுறாங்ய?" என்று பூக்கடைக்காரர் மகள் கேட்டாள்.

"அந்த ஊர்ல அப்படி" என்றேன்.

"அப்ப நாம பாதி சேந்தாச்சு" என்று தன் இரட்டைச் சடையை ஆட்டிக் காட்டினாள்.

நெற்றி உயரக் கம்பைத் தாண்டிக் குதிக்க வேண்டும் என்றிருந்தது. நாம் அதை இடுப்புக்கு இறக்கினோம். பன்னிரண்டு புத்தகப் பாட்டு மனப்பாடமாகத் தெரிய வேண்டும் என்றிருந்தது. அதற்குப் பதில் பதினாறாம் வாய்ப்பாடு வைத்தோம். பரோட்டாக் கடைக்காரர் மகள் பதினாறு ஏழில் நின்றுபோய் மூன்று நாள் கூட்டத்துக்கு வெளியே, மதில் மேல் உட்கார்ந்திருந்தாள். "நூத்திப் பன்னெண்டுடி கழுத" என்று தண்ணி லாரிக்காரர் மகள் கிசுகிசுத்ததற்கு அவளையும் ஒரு நாள் வெளியே வைத்தார்கள்.

எல்லாவற்றிலும் பெரியது குழிச் சோதனை. இடுப்பளவுக் குழியில் நிற்க வேண்டும். கையில் ஒரு கேடயம், முழ நீளக் கம்பு. சுற்றி நின்று மற்றவர்கள் ஒரே நேரத்தில் ஈட்டி எறிவார்கள். உடம்பில் ஒன்றும் படக் கூடாது. நம் ஈட்டி, மாட்டுக்குப் போடும் காய்ந்த சோளத்தட்டை. கேடயத்தை அத்தாதான் செய்து கொடுத்தார். உடைந்த சல்லடையின் வளையத்தில் கழிவுத் தோலை இழுத்துக் கட்டி, சுற்றிலும் சின்ன ஆணி அறைந்தார். சுண்ணாம்பில் வெந்து வெடித்த விரல்களால் ஒவ்வொரு ஆணியையும் தடவிப் பார்த்து, "கைல குத்தாது, புடி" என்றார். அது எங்கே போயிற்று என்று உங்களில் யாருக்காவது தெரியுமா?

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம். அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சேருகிறவனின் வீட்டார் முன்கூட்டியே ஒரு வாக்குக் கொடுக்க வேண்டும்: இவன் அடிபட்டாலும் செத்தாலும் நாங்கள் யாரிடமும் நியாயம் கேட்டு வர மாட்டோம். இனி அவன் வீட்டுப் பிள்ளை அல்ல, கூட்டத்தின் பிள்ளை. அவனுக்கு ஒன்று என்றால் கேட்க வேண்டியது கூட்டம்தான். இதை நான் படித்துச் சொன்னதும் தலைவிக்கு முகம் மலர்ந்தது. "எல்லாரும் இன்னைக்கே வீட்ல வாக்கு வாங்கிட்டு வாங்கடி."

பூக்கடை அம்மா, "சரி சரி, கேக்கல, அந்த நார எடு" என்றார்களாம். மற்றவர்கள் வீட்டிலும் அப்படித்தான். என் அம்மா வெஞ்சனத்துக்குக் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஏதாச்சும் ஆனா யாரையும் கேக்க மாட்டேன்னு சொல்லும்மா."

"என்னா ஆகப் போகுது உனக்கு?"

"சும்மா சொல்லும்மா. விளையாட்டுக்கு."

"விளையாட்டுக்கும் சொல்ல மாட்டேன். உனக்கு ஒண்ணுன்னா முதலாளி வீட்டு வாசல்னாலும் போய்க் கேப்பேன். போ அங்கிட்டு."

விரல்களுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்த அத்தா சிரித்தார். "அட, புள்ள ஆசயாக் கேக்குது. நான் சொல்றேன், கேக்கல. போதுமா? போ, போயி ராஜாங்கம் பண்ணு."

அத்தாவின் வாக்கோடு நான் சேர்ந்தேன்.

எட்டு வீட்டு வாக்கும் வந்த பிறகு தண்ணி லாரிக்காரர் மகள் கேட்டாள். "அக்கா, உங்க வீட்ல?"

"எங்க வீட்லயா? தலைவிக்கு எதுக்குடி வாக்கு?" அவள் என்னைப் பார்த்தாள். "பொஸ்தகத்துல தலைவனுக்கும் உண்டா?"

எல்லோருக்கும் உண்டு என்றுதான் இருந்தது. "தலைவனுக்கு இல்லக்கா" என்றேன். அந்தப் புத்தகத்தில் நான் திருத்திய முதல் வரி அது. தலைவி வீட்டில் மட்டும் வாக்கு வாங்காமல் விட்டோம்.

இந்தச் சமயத்தில்தான் முதலாளியம்மா என்னைக் கவனித்தார்கள். மகளுக்கு நான் கதை சொல்லிக்கொண்டிருந்தபோது ரோஸ் மில்க் கொண்டுவந்தவர்கள் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார்கள். நல்ல மனுஷி. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

"வீட்ல எல்லாரும் கைநாட்டு. இது எப்படிப் படிக்கிதுன்னு பாரு" என்று மகளிடம் சொன்னார்கள். "உனக்கு அம்புட்டு ட்யூசன் வச்சும் தமிழ்ல நாலு வார்த்தை கோவையா வரல." பிறகு என்னிடம், "எட்டாவதோட நிக்காத, என்னா? சிஸ்டர்ட்ட நான் சொல்றேன். ஜூன்ல உன்னைய ஒம்பதாவதுல சேத்துவிட்ருவோம். ரெண்டு பேரும் ஒண்ணா வேன்ல போயிட்டு வாங்க."

எனக்குக் காது அடைத்துவிட்டது. தலைவி உறிஞ்சிக்கொண்டிருந்த ஸ்ட்ரா காலி டம்ளரில் கரகரத்தது. அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் முகத்தை நான் அன்று பார்க்கவில்லை. இப்போது பார்க்கிறேன். ஒரு தாய் அன்பாகத்தான் பேசினாள், ஆனால் இரண்டு பெண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பேசினாள். நானும் இப்போது வகுப்பில் அந்தத் தப்பைச் செய்யப்போய் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

அத்தா டீக்கடையில் போய், "எம் மக கான்வென்டு" என்று சொல்லிவிட்டார். மேஸ்திரியிடம் கேட்டு மெத்தென்ற ஒரு துண்டுத் தோல் வாங்கிவந்தார். "ஷூ போட்டுத்தான் வரணுமாம்ல" என்று அதன்மேல் என் காலை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தார். உள்ளங்கால் கூசியது.

அந்த வாரம்தான் தண்ணிக் கதை.

கூட்டத்தில் ஒரு வீரன், தலைவனுக்கு மிகவும் வேண்டியவன். தலைவனுக்கு நிச்சயித்த பெண் அவனோடு போய்விடுகிறாள். பல வருடம் துரத்தல், பிறகு சமாதானம். கடைசியில் இருவரும் ஒன்றாக வேட்டைக்குப் போகும்போது காட்டுப்பன்றி வீரனைக் கிழித்துப் போட்டுவிடுகிறது. பன்றி என்றதும் நீங்கள் எல்லோரும் "சீச்சீ" என்று காதைப் பொத்தினீர்கள். சரி, புலி என்றேன். அந்தத் தலைவனின் இரண்டு கையாலும் அள்ளிய தண்ணீரைக் குடித்தால் எந்தக் காயமும் ஆறிவிடும். ஊற்று ஒன்பது அடி தூரத்தில் இருந்தது.

"ஒம்போது அடியிலயா?" தண்ணி லாரிக்காரர் மகளுக்குத் தாங்கவில்லை. "எங்கத்தா ஒம்போது மைல் ஓட்டிட்டு வாராரு. அதுக்கும் இந்த ஊர்ல கொடத்தப் போட்டு அடிச்சுக்கிறாளுக."

நாம் எல்லோரும் சிரித்தோம். பத்து நாளைக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் வந்த காலம் அது. தலைவி மட்டும் சிரிக்கவில்லை. குழியின் விளிம்பில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, "அப்பறம்? குடுத்தானா?" என்றாள்.

புத்தகத்தில் என்ன இருந்தது என்று அன்று காலையே படித்திருந்தேன். தலைவன் போகிறான், அள்ளுகிறான், திரும்பி வரும்போது பழைய அவமானம் ஞாபகத்துக்கு வருகிறது, விரல்களைத் தளர்த்திவிடுகிறான். தண்ணீர் ஒழுகிவிடுகிறது. மறுபடி போகிறான், மறுபடியும் அப்படியே. மூன்றாம் முறை உண்மையாகவே கொண்டுவருகிறான். அதற்குள் வீரன் செத்துவிட்டான்.

எட்டு பேர் முகமும் என்னைப் பார்த்தன. தலைவி முகத்தில் அந்தத் தலைவன் தான்தான் என்பதுபோல ஒரு நம்பிக்கை.

"குடுத்தான்கா" என்றேன். "மொதத் தடவையே குடுத்தான். அவன் எந்திரிச்சு உக்காந்துட்டான்."

"அதான" என்றாள் அவள். "தலைவன்னா அப்பிடித்தான் இருப்பான்."

சீட்டுக்காக அப்படிச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் அதற்காகவும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் அவளுக்காக. அவள் அவ்வளவு நல்லவளாக இருக்க விரும்பினாள். இருக்கட்டும் என்று விட்டேன்.

மே மாதக் கடைசியில் தலைவியின் முறை வந்தது. நாம் எட்டு பேரும் குழியில் நின்று முடித்திருந்தோம். நான்தான் விதி சொல்லுகிறவள் என்பதால் அன்று எனக்கு ஈட்டி இல்லை. மேட்டில் நின்று "எறி" என்று சொல்ல வேண்டும். நீங்கள் ஏழு பேரும் எறிந்தீர்கள். தட்டைகள் பூப்போல விழுந்தன.

தலைவி கேடயத்தைத் தாழ்த்திவிட்டுக் கத்தினாள். "மொதலாளி மகளுன்னு பயந்து எறியாதீங்கடி! ஒங்க அத்தாமாருகதான் எங்கத்தாவுக்குப் பயப்படணும், நீங்களுமா?"

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். நான் "எறி" என்றேன். அடுத்த தட்டை ஒன்று விர்ரென்று போனது. அவள் இன்னும் கேடயத்தை முகத்துக்கு ஏற்றியிருக்கவில்லை.

யாருடைய தட்டை என்று நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். இங்கேயும் எழுத மாட்டேன், பயப்படாதீர்கள்.

இடது புருவம் கிழிந்து கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. நீங்கள் ஏழு பேரும் மதிலேறிக் குதித்து ஓடினீர்கள். நான் ஓடவில்லை. ஷாப்புத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து இரண்டு கையாலும் அள்ளிவந்து அவள் முகத்தைக் கழுவினேன். எத்தனை அடி என்று எண்ணவில்லை. துப்பட்டாவை வைத்துப் புருவத்தை அழுத்திக்கொண்டிருந்தபோது வாட்ச்மேன் வந்தார். ரத்தத்தோடு அவர் பார்த்தது என் கையை மட்டும்தான்.

சாயங்காலம் அத்தாவையும் என்னையும் முதலாளி வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார்கள். தலைவி நாலு தையலோடு சோபாவில் இருந்தாள். நாங்கள் வாசல்படியில் நின்றோம். நம் எட்டு வீடும் கேட்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருந்தோம். அந்த வீடு கொடுக்கவில்லை. கேட்டது.

"யாரு எறிஞ்சது?" முதலாளியம்மா மகளைத்தான் கேட்டார்கள்.

அவள் பிளாஸ்திரியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இவளா?"

"நான் எறியலம்மா" என்றேன். "எறின்னு சொன்னேன். அம்புட்டுதான்."

"அப்ப யாரு எறிஞ்சா? சொல்லு."

நான் வாயைத் திறக்கவில்லை. கூட்டத்தில் ஒருத்தியை ஒருத்தி காட்டிக்கொடுக்கக் கூடாது என்று விதி போட்டவள் சோபாவில்தான் உட்கார்ந்திருந்தாள். "சொல்லித் தொல புள்ள" என்று அத்தா என் தோளைக் குலுக்கினார். நான் அவளையே பார்த்தேன். பெயர் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. 'இவ எறியல' என்று இரண்டு வார்த்தை போதும்.

கதையில் வரும் தலைவன் கட்டைவிரலைப் பல்லில் கடித்தால் அவனுக்கு மறைந்த உண்மையெல்லாம் தெரியும். அவளும் அதை விளையாட்டில் செய்வாள். அன்றும் கட்டைவிரலை வாயில் வைத்தாள். எடுத்தாள்.

"அவதாம்மா" என்றாள்.

அத்தா என்னை அடித்தது அதுதான் முதல் தடவை. அடித்துவிட்டு, "சின்னப் புள்ளம்மா, மன்னிச்சிருங்க" என்று அவர்தான் கை கூப்பினார். முதலாளியம்மா சத்தம் போடவில்லை. வருத்தமாகச் சொன்னார்கள். "கண்ணுக்கு நேரா பொய் சொல்லுது. இம்புட்டு நெஞ்சழுத்தம் உள்ள புள்ளையச் சேத்துக்கங்கன்னு சிஸ்டர்ட்ட நான் எப்பிடிச் சொல்ல?" என் கையிலிருந்த பச்சைப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டில் அம்மா அடுப்பைப் பார்த்தபடி கேட்டாள். "எம் மக எறியலங்கிறா. நீங்க கேட்டீங்களா?"

"கேட்டுட்டு நாளைக்கு வேலைக்கு எங்க போறது?" என்றார் அத்தா.

சின்னப் பெண்ணின் விளையாட்டுக்காக அவர் கொடுத்த வாக்கு என்று நினைத்திருந்தேன். அது புதிதல்ல. ஷாப்பில் சேர்ந்த நாளிலேயே கொடுத்திருந்தார்.

அம்மாதான் வாக்குக் கொடுக்கவில்லை. அதனால் அவள் போனாள். முதலாளி வீட்டுக் கேட்டில், "அம்மா தூங்குறாங்க" என்றார் வாட்ச்மேன். அடுத்து உங்கள் வீடுகளுக்கு வந்தாள். ஞாபகம் இருக்கிறதா? வெயிலில் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு, ஏழு வாசலிலும் நின்று ஒரே கேள்வியைக் கேட்டாள். "எம் மக எறிஞ்சாளா தாயி? ஆமா இல்ல, ஒண்ணு சொல்லு."

ஏழு பேரும் தெரியாது என்றீர்கள்.

கூட்டத்தின் விதியைக் காப்பாற்றினோம் என்று பிறகு ஒருத்தி என்னிடம் சொன்னாள். அந்த விதிக்குப் பாதிதான் அவளுக்கு ஞாபகம். வீட்டார் கேட்கக் கூடாது என்பது ஒரு பாதி. கூட்டம் கேட்க வேண்டும் என்பது மறு பாதி. எறிந்தவள் பெயரை உங்களிடம் யாரும் கேட்கவில்லை. எறியாதவளைப் பற்றித்தான் அம்மா கேட்டாள்.

ஜூன் மாதம் வேன் நம் தெரு முனையில் நின்று போனது. நான் பாவாடைக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தேன். மிஷினுக்கு எதிரே ஜன்னல். வேன் வருவதற்கு முன்பே ஹாரன் கேட்கும். அத்தா பென்சிலால் வரைந்த தோல் துண்டு பரணில் கிடந்தது.

ஜூலையில் ஒரு நாள் குழாயில் தண்ணீர் வந்தது. நான் குடத்தோடு வரிசையில் நின்றேன். தலைவி யூனிபார்மோடு வேனிலிருந்து இறங்கி நேராக என்னிடம் வந்தாள். புருவத்தில் முடி முளைக்காத ஒரு கோடு.

"அந்தக் கதைய நானே வாசிச்சேன்" என்றாள். "நீ மாத்திச் சொல்லிருக்க."

என் முறை வந்திருந்தது, குடத்தைக் குழாயடியில் வைத்தேன்.

"அம்மாட்ட சொல்லிட்டேன். நீ எறியலன்னு."

"எப்ப?"

"நேத்து."

"சீட்டு?"

அவள் கீழே பார்த்தாள். "வேற யாரோ சேந்துட்டாங்களாம். அடுத்த வருசம் பாக்கலாம்னு அம்மா சொன்னாங்க." பையிலிருந்து பச்சைப் புத்தகத்தை எடுத்து நீட்டினாள். "இத நீயே வச்சுக்க."

மூன்றாவது கை தண்ணீர். அது எனக்கு அப்போதே தெரிந்தது. "தள்ளு, என் கொடம் நெறஞ்சிருச்சு" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். அவள் புத்தகத்தோடு அங்கேயே நின்றாளா, போனாளா, தெரியாது. திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த வருடம் சீட்டு இருக்கிறதென்று முதலாளியம்மா சொல்லி அனுப்பினார்கள். அம்மா போகவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கவர்ன்மென்ட் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். தலைமையாசிரியையின் மேசைக்கு முன்னால் நின்று, "எம் மக ஒரு வருசம் சும்மா இருந்தா. தப்பு அவ மேல இல்ல" என்றாள். வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை அவளுக்கு. அது போதுமாக இருந்தது. அன்று சாயங்காலம் அத்தா பரணிலிருந்து தோல் துண்டை இறக்கினார். பென்சில் கோட்டைவிட என் கால் வளர்ந்திருந்தது. கோட்டைத் தாண்டி வெட்டி, தெரிந்தவரிடம் கொடுத்து, செருப்பாக்கிக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். அதை நான் பிய்கிற வரைக்கும் போட்டேன்.

நீங்கள் என்னிடம் அப்படி எதையும் கொண்டுவரவில்லை. உங்கள் கல்யாணங்களுக்கு வந்தேன், பிள்ளைகளுக்குப் பெயர் வைக்க வந்தேன், உங்களில் மூன்று பேரின் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறேன். கோபம் இல்லை என்று எழுத வந்தால் பேனா நிற்கிறது. இருக்கிறது. ஒரு வருடம் சின்னது என்பீர்கள். தையல் மிஷினுக்கு எதிரே ஜன்னல் வைத்து உட்கார்ந்து பாருங்கள்.

என் பங்கும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். அன்று குழி விளிம்பில் தண்ணீர் ஒழுகியதை ஒழுகியபடியே சொல்லியிருந்தால் அவளுக்கு அது மே மாதத்திலேயே சுட்டிருக்கும். தானே வாசித்த பிறகுதான் போய் உண்மையைச் சொன்னாள். என் பொய் அவளுக்கு இரண்டு மாதம் தாமதம் கொடுத்தது. என் சீட்டு அந்த இரண்டு மாதத்துக்குள் போனது.

அதனால் வெள்ளிக்கிழமை வருகிறேன். பிரியாணி சாப்பிட்டு முடித்ததும் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறேன். பன்றியைப் பன்றி என்றே சொல்வேன். ஊற்று ஒன்பது அடி தூரத்தில் இருந்தது என்பேன். தலைவன் அள்ளினான், விரலைத் தளர்த்தினான், மறுபடி அள்ளினான், மறுபடி தளர்த்தினான் என்று கையைக் குவித்தே காட்டுவேன்.

அவளுடைய சின்ன மகள் விவரமானவளாம், கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாளாம். நிச்சயம் கேட்பாள். "ஒம்போது அடிதான? ஏன் கொண்டாரல?"

நான் பதில் சொல்ல மாட்டேன். அவள் அம்மா பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். நீங்கள் ஏழு பேரும் சுற்றி உட்கார்ந்திருப்பீர்கள். யாராவது ஒருத்தி சொல்லுங்கள்.